பேனா பிடித்து வந்த பிரபுக்கள்: ஹாட்ஃபீல்டின் செசில் குடும்பம்

கேட்கப்பட்டவை இரண்டு. பிரிட்டிஷ் வரலாற்றைப் படிக்கும்போது லார்ட் ராபர்ட் செசில், வைகவுன்ட் கிரான்போர்ன், சாலிஸ்பரி பிரபு என்று மூன்று பெயர்கள் மாறி மாறி வருகின்றனவே, இவர் ஒருவரா மூவரா என்பது ஒன்று. ஒரே குடும்பம் முதலாம் எலிசபெத் காலத்திலிருந்து டோனி பிளேர் காலம் வரை அதிகாரத்தின் பக்கத்தில் எப்படி இருந்துகொண்டே வந்தது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: ஒருவர்தான். 1830-ல் பிறந்து, மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். 1865 வரை அவர் லார்ட் ராபர்ட் செசில். அந்த ஆண்டு அண்ணன் இறந்துவிட, வாரிசாகி வைகவுன்ட் கிரான்போர்ன் ஆனார். 1868-ல் தந்தை இறந்ததும் மூன்றாம் சாலிஸ்பரி மார்க்விஸ் ஆனார். (பிரபுப் பட்டங்கள் மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று வரும்.) குழப்பம் இத்தோடு தீர்ந்துவிடாது. அவருடைய மூன்றாவது மகனுக்கும் ராபர்ட் என்றுதான் பெயர்; அவரும் நெடுங்காலம் லார்ட் ராபர்ட் செசில் என்றே அழைக்கப்பட்டார், அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கினார். பேரனும் கொள்ளுப்பேரனின் மகனும் அரசியலில் நுழைந்தபோது கிரான்போர்ன் பிரபு என்ற பெயரோடுதான் நுழைந்தார்கள். ஆகவே, எந்த நூலிலும் இந்தப் பெயர்களைக் கண்டால் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெயர் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு மட்டுமே போகும். தந்தை உயிரோடு இருக்கும்வரை, அவருடைய பட்டங்களில் இரண்டாம் நிலையில் உள்ள ஒன்றை மூத்த மகன் மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார். டியூக், மார்க்விஸ் வீடுகளில் இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன்னால் லார்ட் என்ற ஒட்டு கிடைக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. இந்த மரியாதைப் பெயர்கள் எவையும் சட்டப்படி பிரபுப் பட்டங்கள் அல்ல. அதனால் மூத்த மகனும் இளைய மகன்களும் தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்குப் போகலாம். தந்தை பிரபுக்கள் சபையில், மகன்கள் காமன்ஸ் சபையில் என்று ஒரே வீட்டுக்கு நாடாளுமன்றத்தின் இரண்டு மாடியிலும் இடம் கிடைத்தது. நிலம் துண்டாகாமல் ஒரே கையில் நின்றது. பங்கு கிடைக்காத தம்பிகள் தேவாலயம், ராணுவம், வழக்கறிஞர் தொழில், அரசியல் என்று பிழைப்பைத் தேடிப் போனார்கள். போன இடமெல்லாம் குடும்பத்துக்கு ஆள் இருந்தது.

ஆனால் இதே ஏற்பாடு இங்கிலாந்தின் நூற்றுக்கணக்கான பிரபுக் குடும்பங்களுக்கும் இருந்தது. அவற்றில் பலவற்றை இன்று யாருக்கும் தெரியாது. செசில்களைத் தனியே நிறுத்துவது என்ன என்று கேட்டால், என் கருத்து இதுதான்: அவர்கள் வாள் பிடித்து வந்த குலம் அல்ல, பேனா பிடித்து வந்த குலம். பட்டம் அவர்களுக்கு மேசை வேலைக்குக் கிடைத்த கூலி. அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்த தலைமுறைகளில் குடும்பம் நாட்டையே ஆண்டது. ஆள் இல்லாதபோது மாளிகை மட்டும் நின்றது.

ஆரம்பம் வேல்ஸ் எல்லையில். டேவிட் செசில் என்பவர் அங்கிருந்து புறப்பட்டு, ஏழாம் ஹென்றியாகப் பின்னாளில் முடிசூடிய ஹென்றி டியூடரின் பக்கம் சேர்ந்து, லிங்கன்ஷயரில் ஸ்டாம்ஃபர்ட் என்ற ஊரில் குடியேறினார். அவர் மகன் ரிச்சர்ட் எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் உடை அறைப் பணியாளர். ரிச்சர்டின் மகன் வில்லியம் 1520-ல் பிறந்தார். இந்த வில்லியம்தான் மூலபுருஷர். பின்னாளில் பெரிய மனிதரான பிறகு, தம் முன்னோர் பழைய வேல்ஸ் இளவரசர்களின் வழிவந்தவர்கள் என்று காட்ட வம்சாவளிப் பட்டியல்களை ஆசையோடு தயாரித்தார். பதவி வந்த பிறகு பரம்பரை தேடுவது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம்தான்.

கேம்பிரிட்ஜில் படித்தபோது தம் ஆசிரியரும் நண்பருமான ஜான் சீக்கின் தங்கையைக் காதலித்து மணந்தார். அவர் சீக்கிரமே இறந்துவிட்டார். தாமஸ் என்ற மகன் மிஞ்சினான். இரண்டாவது மனைவி மில்ட்ரெட் குக், அக்கால இங்கிலாந்தின் மிகப் படித்த பெண்களில் ஒருவர். கிரேக்கம் சரளமாகத் தெரிந்தவர். இவர் பெற்ற மகன் ராபர்ட். இந்த இரண்டு மகன்களிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன: தாமஸிடமிருந்து எக்ஸிடர் கிளை, ராபர்ட்டிடமிருந்து சாலிஸ்பரி கிளை. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

1558 நவம்பரில் எலிசபெத் லண்டனுக்கு வடக்கே உள்ள ஹாட்ஃபீல்டு பழைய அரண்மனையில் இருந்தபோது, அக்கா மேரி இறந்து தாம் அரசியான செய்தி வந்தது. அவர் செய்த முதல் நியமனங்களில் ஒன்று வில்லியம் செசிலைத் தம் செயலாளர் ஆக்கியது. எந்தப் பரிசுக்கும் நீர் விலைபோக மாட்டீர், என் விருப்பம் எதுவாயினும் உமக்குச் சரியெனப் பட்டதையே சொல்வீர் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அரசி அன்று பேசினார். அடுத்த நாற்பது ஆண்டுகள், 1598-ல் சாகும்வரை, அந்த மனிதர் அரசிக்குப் பக்கத்தில் இருந்தார். 1571-ல் பர்லி பிரபு ஆனார். 1572-ல் கருவூலத் தலைவர்.

அவர் வேலை செய்த விதம் பார்க்கத்தக்கது. எந்தப் பிரச்சினை வந்தாலும் தாளை எடுத்து, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று தம் கையாலேயே எழுதுவார். அரசியின் திருமணம், ஸ்காட்லாந்துப் போர், ஸ்பெயினோடு உறவு எல்லாம் அந்த இரண்டு பத்திகளுக்குள் வந்துவிடும். வயதாகி மூட்டுவாதம் வந்த பிறகு, ஹர்ட்ஃபர்ட்ஷயரில் தாம் கட்டிய தியோபால்ட்ஸ் மாளிகையின் தோட்டத்தில் கோவேறு கழுதை மேல் ஏறி உலாவினார். அப்படியே உட்கார்ந்து படமும் வரையச் சொன்னார். மற்ற பிரபுக்கள் போர்க் குதிரையில் உட்கார்ந்து படம் வரையச் சொன்ன காலம் அது.

அவருக்கு வருமானம் தந்த பதவி ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1561 முதல் அவர் காப்பாளர் நீதிமன்றத்தின் தலைவர். தந்தை இறந்து, வயதுக்கு வராத பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளின் சொத்தும் திருமணமும் அந்த நீதிமன்றத்தின் கையில். இங்கிலாந்தின் பழம்பெரும் குடும்பங்களின் வாரிசுகள் செசிலின் வீட்டில் வளர்ந்தார்கள். ஆக்ஸ்ஃபர்டு பிரபு அப்படி வளர்ந்து இவர் மகள் ஆனையே மணந்தார். மணவாழ்க்கை நன்றாக இல்லை. எசெக்ஸ் பிரபுவும் இவருடைய காப்பில் இருந்தவர்தான். அந்த எசெக்ஸ்தான் பின்னாளில் ராபர்ட் செசிலின் ஜென்ம விரோதி ஆனார்.

ஸ்காட்லாந்து அரசி மேரியைக் கொன்ற விஷயத்திலும் இவர் கை இருந்தது. 1587-ல் எலிசபெத் மரண உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டு, அதை அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். பர்லி, அரசியின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் உறுப்பினர்களைக் கூட்டி, அரசியிடம் மறுபடி கேட்காமலே உத்தரவை அனுப்பிவிட்டார். தலை விழுந்த பிறகு அரசி கொதித்தெழுந்தார். செயலாளர் டேவிசன் சிறைக்குப் போனார். பர்லி சில மாதம் அரசியின் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்து, பிறகு பழைய நாற்காலிக்கே திரும்பிவந்தார். அவர் இல்லாமல் வேலை நடக்கவில்லை.

மகன் ராபர்ட் குள்ளமானவர், முதுகு வளைந்தவர். அரசி அவரைக் குள்ளன் என்றே செல்லமாகவோ கொடுமையாகவோ கூப்பிட்டார். அடுத்து வந்த ஜேம்ஸ் மன்னர் என் சின்ன வேட்டைநாய் என்றார். ராபர்ட்டுக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை, ஆனால் பொறுத்துக்கொண்டார். 1601-ல் எசெக்ஸ் கலகம் செய்து தோற்று, வழக்கு விசாரணைக்கு வந்தார். ஸ்பானிய இளவரசிக்கே இங்கிலாந்தின் அரியணைமேல் நல்ல உரிமை இருக்கிறது என்று ராபர்ட் செசில் சொன்னதாகத் தாம் கேள்விப்பட்டதாக அங்கே குற்றம் சாட்டினார். அதுவரை திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த செசில் சட்டென்று வெளியே வந்து, மண்டியிட்டு, யார் உம்மிடம் சொன்னது, பெயரைச் சொல்லும் என்று கேட்டார். எசெக்ஸ் தம் மாமா வில்லியம் நோலிஸின் பெயரைச் சொன்னார். நோலிஸை வரவழைத்தார்கள். செசில் அப்படி ஒரு நூலில் எழுதியிருப்பதைக் காட்டினாரே தவிரத் தம் கருத்தாகச் சொல்லவில்லை என்றார் அவர். எசெக்ஸின் தலை போயிற்று.

அதற்குப் பிறகு ராபர்ட் செய்த காரியம் இன்னும் ஆபத்தானது. அடுத்த அரசர் யார் என்று பேசுவதையே எலிசபெத் வெறுத்தார். ராபர்ட்டோ ஸ்காட்லாந்தின் ஜேம்ஸோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். கடிதங்களில் பெயர்கள் இல்லை, எண்கள்தான்: செசில் 10, எலிசபெத் 24, ஜேம்ஸ் 30. 1603-ல் எலிசபெத் இறந்தபோது ஒரு துளி ரத்தம் சிந்தாமல் அரசு கைமாறியது. ஜேம்ஸ் நன்றி மறக்கவில்லை. 1605-ல் ராபர்ட் சாலிஸ்பரி ஏர்ல் ஆனார். அதே நாளில் அண்ணன் தாமஸ் எக்ஸிடர் ஏர்ல் ஆனார். அந்த ஆண்டு இறுதியில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியைப் புலனாய்வு செய்து முடித்தவரும் ராபர்ட்தான். தந்தையைப் போலச் சுத்தமான கை என்று சொல்ல முடியாது. 1604-ல் ஸ்பெயினோடு சமாதானம் ஆன பிறகு அந்த நாட்டு அரசரிடமிருந்தே உதவித்தொகை வாங்கினார்.

ஜேம்ஸுக்கு வேட்டை வெறி. தியோபால்ட்ஸ் காடு பிடித்துப்போக, 1607-ல் அதை வாங்கிக்கொண்டு ஹாட்ஃபீல்டைக் கொடுத்தார். எலிசபெத் தம் அரியணைச் செய்தியைக் கேட்ட அந்தப் பழைய அரண்மனையின் பெரும்பகுதியை ராபர்ட் இடித்து, அந்தச் செங்கல்லையும் சேர்த்துப் போட்டுப் புது மாளிகை கட்டினார். கட்டி முடிந்தவுடனே, 1612-ல், கடனோடு செத்தும் போனார். ஹாட்ஃபீல்டு தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. நான்கு பெண் உருவங்கள் மண்டியிட்டுத் தோளில் ஒரு கறுப்புப் பலகையைத் தாங்குகின்றன; பலகை மேல் முழு உடையில் ராபர்ட் படுத்திருக்கிறார்; பலகைக்குக் கீழே, பாய் மேல், ஓர் எலும்புக்கூடு. இரண்டுமே வெள்ளைப் பளிங்கு.

அதற்கடுத்த இருநூறு ஆண்டுகளை விரைவாகத் தாண்டிவிடலாம்; அந்தக் குடும்பத்தாரே அப்படித்தான் தாண்டுகிறார்கள். இரண்டாம் ஏர்ல் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். பிரபுக்கள் சபையே ஒழிக்கப்பட்ட பிறகு காமன்ஸ் சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். நான்காம் ஏர்ல் சரியாகத் தவறான நேரத்தில் கத்தோலிக்கராக மாறி, கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போனதும் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார். 1789-ல் ஏழாம் ஏர்லுக்கு மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. அது அரண்மனைப் பதவிக்குக் கிடைத்த பட்டம், அறிவுக்குக் கிடைத்ததல்ல. அவரைவிட அவர் மனைவி எமிலி மேரிதான் பேசப்பட்டவர்: தள்ளாத வயதிலும் குதிரையேறி நரி வேட்டைக்குப் போனவர், சூதாட்டப் பிரியர். 1835-ல் ஹாட்ஃபீல்டின் மேற்குப் பகுதி தீப்பிடித்து எரிந்தபோது எண்பத்தைந்து வயதில் அதற்குள்ளேயே மாண்டார்.

இதே காலத்தில் எக்ஸிடர் கிளையில் ஒரு கதை நடந்தது. வாரிசான ஹென்றி செசில் கடனாலும், மனைவி இன்னொருவரோடு போய்விட்டதாலும் ஊரைவிட்டு ஒதுங்கி, ஜான் ஜோன்ஸ் என்ற பொய்ப் பெயரில் ஷ்ராப்ஷயரில் ஒரு கிராமத்தில் தங்கினார். அங்கே சாரா ஹாகின்ஸ் என்ற விவசாயியின் மகளை 1790-ல் மணந்தார். முதல் மனைவியோடு விவாகரத்து அப்போது முடியவில்லை. அடுத்த ஆண்டு முடிந்ததும் லண்டனில் சாராவையே இரண்டாம் முறை சட்டப்படி மணந்தார். 1793-ல் பெரியப்பா இறக்க, கிராமத்துப் பெண் பர்லி மாளிகையின் எஜமானி ஆனார். கவிஞர்கள் இதைக் காதல் காவியமாக்கினார்கள். இருதாரக் குற்றம் என்ற அம்சத்தை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

சாலிஸ்பரி கிளைக்குப் புது ரத்தமும் புதுப் பணமும் வந்தது 1821-ல். இரண்டாம் மார்க்விஸ், லிவர்பூல் பக்கத்தில் பெரும் சொத்துள்ள பிரான்சஸ் காஸ்காய்னை மணந்தார். குடும்பப் பெயரும் காஸ்காய்ன்-செசில் ஆயிற்று. இவர்களுடைய மகன்தான் மூன்றாம் மார்க்விஸ், நீங்கள் கேட்ட மூன்று பெயர்க்காரர்.

ஈட்டன் பள்ளியில் சக மாணவர்களின் அடி உதை தாங்காமல் பதினைந்து வயதில் வீட்டுக்குத் திரும்பியவர். உடல்நலத்துக்காகக் கப்பலேறி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போய்வந்தார். 1853-ல் ஸ்டாம்ஃபர்ட் தொகுதியில் போட்டியின்றி எம்.பி. ஆனார். 1857-ல் தந்தையின் எதிர்ப்பை மீறி ஒரு நீதிபதியின் மகளான ஜார்ஜினா ஆல்டர்சனை மணந்தார். அப்பா பணத்தைச் சுருக்க, மார்க்விஸின் மகன் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்தினார். மூதாதையின் பேனா பிழைப்பு மறுபடி ஆரம்பித்தது என்று இதைத்தான் சொல்வேன். அந்தக் கட்டுரைகளின் நடையில் இருந்த விஷம் கடைசிவரை அவர் பேச்சில் இருந்தது.

1866 ஜூலையில் முப்பத்தாறு வயதில் இந்தியா மந்திரி, அதாவது லண்டனில் இந்திய ஆட்சிக்குப் பொறுப்பான மந்திரி, ஆனார். பதவியேற்றபோதே ஒரிசாவில் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. வங்காளத்திலிருந்து வந்த அறிக்கைகள் பதறத் தேவையில்லை என்றன, அவர் நம்பினார். இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் பருவமழை துறைமுகங்களை மூடிவிட, அரிசிக் கப்பல் கரை சேர வழியில்லாமல் போயிற்று. பத்து லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கு சொல்லப்பட்டது. அந்தப் பழியிலிருந்து தம்மை முழுதாக விடுவித்துக்கொள்ள முடியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த வருத்தம் அவருடைய பார்வையை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே வாக்குரிமை விரிவாக்க மசோதாவை எதிர்த்துப் பதவி விலகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புள்ளிவிவரங்களோடு உட்கார்ந்து, சிறிய ஊர்த் தொகுதிகள் தொழிலாளர் கைக்குப் போய்விடும் என்று தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 1874-ல் மறுபடி இந்தியா மந்திரி. 1875-ல் அவர் எழுதிய குறிப்பு ஒன்று நம் தேசியத் தலைவர்களால் ஓயாமல் மேற்கோள் காட்டப்பட்டது: இந்தியாவிடமிருந்து ரத்தம் எடுத்தே ஆக வேண்டும் என்பதால், ஏற்கெனவே சோகை பிடித்த கிராமப்புறத்தில் கத்தியை வைக்காமல், ரத்தம் தேங்கியிருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் சொல்ல வந்தது விவசாயியின் வரிச்சுமையைக் குறைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் ரத்தம் எடுப்பதை இவ்வளவு சாதாரணமாக ஒப்புக்கொண்ட மந்திரி வேறு யாரும் இல்லை. தாதாபாய் நௌரோஜிக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

1876-ல் ஐ.சி.எஸ். தேர்வு எழுதுவதற்கான வயது வரம்பை இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைத்தவரும் இவர்தான். லண்டன் போய் எழுத வேண்டிய தேர்வு அது; இந்திய மாணவர்களுக்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது. சுரேந்திரநாத் பானர்ஜி நாடெங்கும் சுற்றி எதிர்ப்பைத் திரட்டியது இதற்காகத்தான். இந்திய தேசிய இயக்கத்துக்கு அகில இந்திய உருவம் வரத் தொடங்கியதற்குச் சாலிஸ்பரிக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

அதே ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. லண்டனில் இந்தியா மந்திரி சாலிஸ்பரி, கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன், சென்னையில் கவர்னர் பக்கிங்ஹாம் டியூக். மூவரும் பிரபுக்கள்; மூவருக்கும் ஒரே கருத்து இல்லை. பக்கிங்ஹாம் அரசு தானியத்தை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்தது. லிட்டனின் அரசு அதைக் கண்டித்து, சிக்கனம் பார்க்க ரிச்சர்ட் டெம்பிளை 1877 ஜனவரியில் அனுப்பியது. நிவாரண வேலைக் கூலி ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் வாங்கும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. சென்னையின் சுகாதாரத் தலைவர் டாக்டர் கார்னிஷ் இது உயிரைக் காக்காது என்று வாதாடினார். அந்தக் குளிர்காலத்தில் சாலிஸ்பரி கான்ஸ்டான்டினோபிளில் துருக்கி விவகார மாநாட்டில் இருந்தார். 1878 ஏப்ரலில், பஞ்சத்தின் பிடி முழுதும் விடுவதற்குள், வெளியுறவு மந்திரியாகி இந்தியக் கோப்புகளைவிட்டு நகர்ந்துவிட்டார். நாடு முழுவதும் இறந்தவர்கள் ஐம்பது லட்சம் அளவில் இருப்பார்கள் என்பது மதிப்பீடு. அந்தப் பஞ்ச நிவாரண வேலையின் மிச்சம்தான் சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி. அதன் பெயர் பக்கிங்ஹாமுக்குப் போயிற்று.

1885 முதல் 1902 வரை மூன்று முறை, மொத்தம் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பிரதமர். பெரும்பாலான காலம் வெளியுறவுத் துறையும் அவர் கையிலேயே. பதவிக்காலம் முழுவதும் பிரபுக்கள் சபையில் இருந்தபடி நாட்டை ஆண்ட கடைசிப் பிரதமர் அவர்தான். ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் கூறுபோட்ட காலம் அது. இன்றைய ஹராரே நகரம் 1890-ல் சாலிஸ்பரி என்ற பெயரில்தான் நிறுவப்பட்டது. வீட்டில் அவர் வேறு ஆள். ஹாட்ஃபீல்டில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். மின்விளக்கு போட்ட முதல் பெரிய வீடுகளில் அது ஒன்று. சாப்பாட்டு வேளையில் கூரையில் தீப்பொறி பறந்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்தாமலே மெத்தைத் தலையணையை எறிந்து அணைப்பார்கள் என்பது வீட்டுக் கதை. எஸ்டேட் தொழிலாளி ஒருவர் அந்த மின்கம்பியைத் தொட்டு உயிரிழந்தார் என்பது அந்த வேடிக்கைக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

1888-ல் எடின்பரோ கூட்டத்தில், ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு பிரிட்டிஷ் தொகுதி வந்துவிட்டதா என்பது சந்தேகம் என்று நௌரோஜியைக் குறித்துப் பேசினார். பெயர் தெரியாத வேட்பாளராக இருந்த நௌரோஜி ஒரே நாளில் நாடறிந்தவர் ஆனார். 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரியில் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வென்று காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அந்தப் பேச்சு இல்லாமல் அந்த ஐந்து வாக்குகள் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

குடும்ப ஆட்சி என்ற குற்றச்சாட்டு உச்சத்துக்குப் போனதும் இவர் காலத்தில்தான். 1887-ல் அயர்லாந்து விவகாரத்துக்கு யாரும் எதிர்பாராமல் அக்கா மகன் ஆர்தர் பால்ஃபரை மந்திரியாக்கினார். 1900-ல் அரசாங்கத்தைத் திருத்தி அமைத்தபோது, பால்ஃபர், அவர் தம்பி ஜெரால்டு, மகள் மாடை மணந்த செல்போர்ன் பிரபு, மூத்த மகன் கிரான்போர்ன் எல்லோருக்கும் இடம் இருந்தது. லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் செசில்களின் பழைய நிலத்தின் மேல் ஹோட்டல் செசில் என்ற பிரம்மாண்ட விடுதி சில ஆண்டுகளுக்கு முன்புதான் திறந்திருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அரசாங்கத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1902-ல் தாய்மாமன் ஓய்வு பெற, மருமகன் பால்ஃபர் பிரதமர் ஆனார். வங்கப் பிரிவினை நடந்தது இவர் பிரதமராக இருந்த 1905-ல். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்ற 1917-ன் அறிவிப்பில் வெளியுறவு மந்திரியாகக் கையெழுத்திட்டவரும் இவரே. நியமனங்கள் உறவுக்காகவா திறமைக்காகவா என்றால், பால்ஃபர் விஷயத்தில் திறமை இருந்தது. மற்றவர்கள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சாலிஸ்பரியின் ஐந்து மகன்களை எடுத்துக்கொண்டால் நான் முன்பு சொன்ன ஏற்பாடு கண்ணெதிரே தெரியும். மூத்தவர் ஜேம்ஸ் நான்காம் மார்க்விஸாகி, பிரபுக்கள் சபையின் தலைவராக இருந்தார். வில்லியம் எக்ஸிடர் பிஷப். முதல் உலகப் போரில் நான்கு மகன்களில் மூவரைப் பறிகொடுத்தவர். எட்வர்டு ராணுவ அதிகாரி. தென்னாப்பிரிக்க போயர் போரின் மாஃபெகிங் முற்றுகையில் இருந்தார், பிறகு எகிப்து நிர்வாகத்தில். கடைசி மகன் ஹியூ கன்சர்வேடிவ் எம்.பி., சர்ச்சிலின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழர், பின்னாளில் ஈட்டனின் தலைவர்.

மூன்றாவது மகன் ராபர்ட் இவர்களில் தனி ரகம். போருக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சட்டகத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். தம் கட்சி அரசே ஆயுதக் குறைப்பில் அக்கறை காட்டவில்லை என்று 1927-ல் மந்திரி பதவியைத் துறந்தார். 1934-35-ல் அவர் நடத்திய அமைதி வாக்கெடுப்பில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் கருத்தைச் சேகரித்தார்கள். 1937-ல் நோபல் பரிசு. 1946-ல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கடைசிக் கூட்டத்தில், சங்கம் இறந்தது, ஐக்கிய நாடுகள் வாழ்க என்று சொல்லி உட்கார்ந்தார். பெண்கள் வாக்குரிமைக்கும் அவரும் அக்கா மாடும் தொடர்ந்து நின்றார்கள். ஜனநாயகத்தைக் கண்டு அஞ்சிய தந்தைக்கு இப்படி ஒரு மகன்.

ஐந்தாம் மார்க்விஸின் பெயர் பலருக்கு ஒரு காரணத்துக்காகத் தெரியும். 1945-ல் லேபர் கட்சி காமன்ஸ் சபையில் மாபெரும் பெரும்பான்மையோடு வந்தது. பிரபுக்கள் சபையில் அதன் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தந்தை உயிரோடு இருக்கும்போதே தனி அரச ஆணையால் பிரபுக்கள் சபைக்கு அழைக்கப்பட்டு, கிரான்போர்ன் என்ற பெயரில் அங்கே எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இவர், லேபர் தலைவர் ஆடிசனோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: ஆளும் கட்சி தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிக்காது. தாத்தா என்றால் மக்கள் தீர்ப்பு மறுபடி வரும்வரை மசோதாவைத் தடுத்து நிறுத்தியிருப்பார். பேரன் வழிவிட்டு சபையைக் காப்பாற்றினார்.

இவரே 1938-ல், சர்வாதிகாரிகளுக்கு விட்டுக்கொடுக்கும் கொள்கையை எதிர்த்து வெளியுறவு மந்திரி ஈடனோடு சேர்ந்து பதவி விலகியவர். 1957 ஜனவரியில் ஈடன் பிரதமர் பதவியைவிட்டுப் போனபோது, அடுத்த பிரதமர் யார் என்று ஒவ்வொரு மந்திரியையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு ர என்ற ஒலி வராது. ராப் பட்லரா ஹரால்ட் மேக்மில்லனா என்பதை வாபா, ஹவால்டா என்று கேட்டதாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை வந்தபோது இந்த மனிதர் முழுக்க எதிர்ப்பக்கம் சாய்ந்தார். தாத்தாவின் பெயர் கொண்ட நகரத்திலிருந்து ஆட்சி செய்த ரொடீஷிய (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையரை ஆதரித்தார். ஹிட்லர் விஷயத்தில் தெளிவாகப் பார்த்த கண் இதில் மங்கிப்போயிற்று.

எக்ஸிடர் கிளையிலும் இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் தலைதூக்கினார். பர்லி பிரபு என்ற மரியாதைப் பெயரோடு ஓடிய டேவிட் செசில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். எம்.பி., பெர்முடா கவர்னர், 1948 லண்டன் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவர், முப்பது ஆண்டு உலகத் தடகளச் சம்மேளனத் தலைவர். 1968-ல் மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்திய அந்த மேடையில் அவர்களுக்குப் பதக்கம் அணிவித்தவர் இவர்தான்.

இனி பிளேர் காலம். 1998-ல் பரம்பரைப் பிரபுக்கள் அனைவரையும் சபையிலிருந்து வெளியேற்றும் திட்டத்தில் லேபர் அரசு இறங்கியிருந்தது. அப்போதைய கிரான்போர்ன், இன்றைய ஏழாம் மார்க்விஸ், தாத்தாவைப் போலவே தனி ஆணையால் பிரபுக்கள் சபைக்கு வந்து, அங்கே கன்சர்வேடிவ் தலைவர். தம் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்கிடம் சொல்லாமலே பிளேர் தரப்போடு பேரம் பேசி முடித்தார்: 600-க்கும் மேற்பட்டவர்கள் போகட்டும், 92 பேர் இருக்கட்டும். ஹேக் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். சரியாகப் பழக்கப்படாத வேட்டைநாய் மாதிரி முந்திக்கொண்டு ஓடிவிட்டேன் என்று கிரான்போர்ன் தம்மைப் பற்றியே சொல்லிக்கொண்டார். ஆனால் பேரம் நிலைத்தது. 1999-ன் சட்டத்தில் 92 பேருக்கு இடம் இருந்தது. சில ஆண்டுகளில் தீரும் என்று எல்லோரும் நினைத்த அந்த ஏற்பாடு கால் நூற்றாண்டு நீடித்தது. மிச்சமிருந்த பரம்பரை இடங்களையும் எடுத்துவிடும் மசோதாவை லேபர் அரசு 2024-ல்தான் கொண்டுவந்தது.

ஏழாம் மார்க்விஸ் அதற்கு முன்பே, 2017-ல், சபையிலிருந்து தாமாகவே ஓய்வு பெற்றுவிட்டார். ஹாட்ஃபீல்டு மாளிகை இன்றும் குடும்பத்தின் சொத்துதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், ராபர்ட் கட்டிய மண்டபத்தையும் எலிசபெத்தின் வானவில் ஓவியத்தையும் பார்க்கலாம். பிரபுக்கள் சபையில் தேர்தல் அறிக்கை மசோதா வரும்போதெல்லாம், 1945-ன் உடன்பாட்டை இன்றும் சாலிஸ்பரி மரபு என்றே குறிப்பிடுகிறார்கள்.